கோழிக் காலில் கட்டிய துணி

ஓடைப்பட்டிக்கு நான் வந்து சேர்ந்த மறுநாள் காலையில், வாசலில் காலில் கட்டுப் போட்ட கோழி ஒன்று நின்றது. வலது காலில் மஞ்சள் துணி. பாவம், அடிபட்டிருக்கிறது என்று நினைத்துப் பிடித்து, புண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் துணியை அவிழ்த்தேன். புண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழே விட்டதும் அது ஓடிப்போய்த் தெருவில் மேய்ந்துகொண்டிருந்த மற்றக் கோழிகளோடு கலந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், எதிர்வீட்டுச் செல்லத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏத்தா, எங்கோழிக் கால்ல கெடந்த துணிய எதுக்கு அவுத்த?”

“அடிபட்டிருக்குன்னு நெனைச்சேன்மா.”

“அடியும் படல, ஒண்ணும் படல. அடையாளத்த அவுத்துப்புட்டா, அது யாரு கோழின்னு எவஞ் சொல்லுவான்?”

மலேசியாவில் தெலுக் இந்தானிலும் சித்தியவானிலும் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இது விளங்காது. எனக்கும் விளங்கவில்லை. நம் எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு பின்பக்கம் ரெபான் என்கிற கோழிக்கூடு இருந்தது. நம் கோழி நம் ரெபானில் அடையும். அதைத் திருட வருவது பக்கத்து வீட்டுக்காரன் அல்ல, சதுப்புக் கால்வாயிலிருந்து ஏறி வரும் பியாவாக் உடும்புதான். இங்கே தெரு முழுக்க ஒரே மேய்ச்சல். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி. செல்லத்தாய் வீட்டுக்கு மஞ்சள். முனை வீட்டில் பழைய வேட்டிக்கரை. எங்கள் வீட்டுக்கு நீலம். எந்தக் கோழி எந்த வாசலில் நின்றாலும் காலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் வந்த மறுநாளே ஒரு கோழியின் விலாசத்தை அவிழ்த்துவிட்டேன். தெருவில் பாதிப்பேர் என்னைக் கோழித் திருடி என்றார்கள். மீதிப்பேர் கிறுக்கு என்றார்கள். இரண்டாவது பேரே தேவலாம் என்று இருந்துவிட்டேன்.

நான் ஏன் இந்த ஊருக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். என் கணவர் முருகேசன் தெலுக் இந்தானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தவர். அங்கேதான் பார்த்தோம், அங்கேதான் கல்யாணம். அவருடைய அப்பா தவறிய பிறகு, திராட்சைத் தோட்டத்தை அண்ணன் ஒருவரே பார்க்க முடியவில்லை என்று செய்தி வந்தது. கிளம்பி வந்தோம். அண்ணன் தங்கராசு, அவர் மனைவி பாண்டியம்மா, நாங்கள் இருவர். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே முற்றம். முற்றத்துக் கோழிகள் பாண்டியம்மா அக்காவுடையவை. அவர் “பா, பா” என்று கூப்பிட்டால் வரும். நான் கூப்பிட்டால் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்துவிட்டு மேயப் போய்விடும்.

கோழிகளை விடுங்கள், அண்ணன் தம்பி கதையைச் சொல்கிறேன். பழைய திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வாழை போடலாம் என்றார் இவர். அப்பா கையால் நட்ட கொடியில் கைவைக்க விடமாட்டேன் என்றார் அவர். பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்தவனுக்குப் பந்தலைப் பற்றி என்ன தெரியும் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே பந்தலுக்குக் கீழே இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவரும் வேலை செய்துவிட்டு, ஒரே வாய்க்காலில் தனித்தனியாகக் கைகால் கழுவிக்கொண்டு வருவார்கள். “தண்ணி திருப்பணும்னு சொல்லு” என்று இவர் என்னிடம் சொல்வார். நான் அக்காவிடம் சொல்வேன். அக்கா, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தன் கணவரிடம் சொல்வார். சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கிற காலமாக அது இல்லை. தெருவில் ஏற்கனவே பேச்சு ஆரம்பமாகிவிட்டது: மலேசியாக்காரி வந்தாள், வீடு ரெண்டாகப் போகிறது என்று. அதுதான் எனக்குப் பயம். வீடு பிரிந்தால் பிரித்தது நான் என்றுதான் ஆகும். எந்தப் பந்தலில் எந்தக் கொடி என்று எனக்குத் தெரியாவிட்டாலும் ஆகும்.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. தேனிக்குப் போனபோது மூன்று வெள்ளைக் கோழிகளை வாங்கி, கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பாண்டியம்மா அக்கா கூடையை எட்டிப் பார்த்தார்.

“இதுகள எங்கோழி கூட விட்றாத. சீக்கு இருக்கா, கழிச்சல் இருக்கான்னு தெரியாது. பெறத்தால தள்ளி வையி.”

தள்ளி வை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. என் சாமானைத் தள்ளி வைக்கச் சொன்னால் என்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிற காலம் அது. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கோழிகளைப் பின்பக்கத்துப் பழைய குளியலறையில் அடைத்தேன். சில நாள் கழித்து அவராகவே பஞ்சாரத்தைக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் கவிழ்த்தார். பஞ்சாரம் என்பது மூங்கிலில் பின்னிய, மணி மாதிரிக் கவிழ்க்கிற பெரிய கூடை. அதற்குள் என் மூன்றையும் விடச் சொன்னார். வெளியே அவருடைய கூட்டம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. உள்ளே இருப்பதைக் கொத்த முடியாது, ஆனால் பார்த்துப் பழகிக்கொள்ளும். கூட்டத்துக்குத் தலைவி கருப்பி. பஞ்சாரத்தின் மேலேயே ஏறி நின்று உள்ளே எச்சம் போட்டது.

பழகிவிட்டது என்று அக்கா சொன்ன அன்று, திறந்துவிடுவதற்கு முன் என் கோழிகளுக்கும் அடையாளம் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீலத் துணியை அக்கா எடுத்துத் தருவார் என்று காத்திருந்தேன். தரவில்லை. நானாக எடுத்துக் கட்டினால், அவர் கூட்டத்தில் உரிமை கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கேட்கவும் இல்லை. பெட்டியில் சிவப்பு ரிப்பன் இருந்தது. நம் ஊரில் புதுக் கடை திறந்தால், புதுக் கார் வாங்கினால், சீனர்கள் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள் இல்லையா? எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் மளிகைக்கடை வைத்திருந்த சீனத்து அம்மா, என் அப்பா புதிதாக சைக்கிள் வாங்கிய அன்று ஹேண்ட்பாரில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டுத்தான் எங்களைத் தெருவில் இறங்க விட்டார். புதிதாக ஆரம்பிக்கிற எதற்கும் சிவப்பு நல்லது என்று என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. மூன்று கோழிகளுக்கும் அழகாக முடிச்சுப் போட்டு, வால் தொங்கவிட்டுக் கட்டினேன். பாண்டியம்மா அக்கா அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நானும் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

திறந்துவிட்டதுதான் தாமதம், கருப்பி பாய்ந்தது. பிறகு எல்லாம் பாய்ந்தன. நாலு கொத்தோடு நிற்கும், யார் பெரியவர் என்று முடிவாகிவிடும் என்று பார்த்தால், நிற்கவே இல்லை. அடுத்த நாளும் அதே கதை. மூன்றில் சின்னதாக இருந்த கோழிக்குக் காலில் ரத்தம் வந்துவிட்டது. ரத்தத்தைக் கண்டால் கோழிகளுக்கு வெறி இன்னும் கூடும். நான் கத்திக்கொண்டு ஓடி அதைத் தூக்கினேன். தோட்டத்திலிருந்து வந்த என் கணவர், என் சேலையில் ரத்தத்தைப் பார்த்தார். அண்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றது.

“இந்த வீட்டுல நம்ம கோழிக்குக்கூட எடமில்ல” என்று சத்தமாகச் சொன்னார், உள்ளே கேட்கட்டும் என்று. “முத்தத்துக்கு நடுவுல வல அடிச்சுருவோம். அவுக கோழி அங்கன, நம்ம கோழி இங்கன.”

அன்று சாயந்தரமே தேனிக்குப் போய், கம்பி வலையைச் சுருட்டிப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டுக்கொட்டில் சுவரோரம் சாய்த்து வைத்தார். மறுநாள் கல்லுக்கால் ஊன்ற ஆள் வரச் சொல்லியிருந்தார். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் வேலை முடிந்துவிட வேண்டும் என்றார். போன வருஷம் கௌமாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். ஒரே பானையில் பொங்கல் வைத்தோம். அக்கா கிளறினார், நான் சுள்ளி தள்ளினேன். வலை அடித்த பிறகு இரண்டு பானையாகத்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முற்றத்தில் கோழிக்கு வலை அடிக்கிறவர்கள், அடுத்து அடுப்பைப் பிரிப்பார்கள், அதற்கடுத்து சுவர் வைப்பார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா எனக்குக் குழம்பு ஊற்றும்போது கரண்டி தட்டில் இடிபட்ட சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் ஆண்கள் இருவரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், முன்னும் பின்னுமாக. கல்லுக்கால்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் வருவார்கள். அடிபட்ட கோழிக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுப் பஞ்சாரத்துக்குள் விட்டிருந்தேன். மற்ற இரண்டும் சுவரோரம் ஒண்டி நின்றன. நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்கா எதிர்ப்பக்கம் அம்மிக்கு அருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருவரும் கோழிகளைத்தான் பார்க்கிறோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கருப்பி மெதுவாக நடந்து வந்தது. என் கோழி ஒன்றின் முன்னால் நின்றது. தலையைத் தாழ்த்தி, காலைப் பார்த்து, ஒரே கொத்து. ரிப்பனின் வால் அதன் அலகில் மாட்டிக்கொண்டது. இழுத்தது, உதறியது, மறுபடி கொத்தியது.

அக்காவின் கை நின்றது.

“ஏத்தா சரசு, இங்கன பாரு. அது கோழியக் கொத்தல. ரிப்பனக் கொத்துது.”

நான் எழுந்தேன்.

“செவப்பக் கண்டா புண்ணுன்னு நெனச்சுக் கொத்தும். மொதல்லயே சொல்லியிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீ வேணும்னே வேற துணி கட்டுறேன்னு நெனச்சேன். பிரிஞ்சு போறதுக்கு மொத அடையாளம் கட்டுறன்னுதேன் நெனச்சேன். வாயத் தொறந்தா சண்டையாகிப் போகும்னு கம்முனு இருந்துட்டேன்.”

“நீங்க நீலத்துணி குடுக்கலியேக்கா. நானா எடுத்தா உங்க கூட்டத்துல கைவைக்கிற மாதிரி ஆயிடுமேன்னுதான்... எங்க ஊர்ல சிவப்பு நல்லதுக்குக் கட்டுறது.”

“நீலத்துணி இருந்தால்ல குடுக்க? அந்தச் சேல கிழிச்சுக் கிழிச்சுத் தீந்துபோச்சு. இருக்கதே கால்ல நஞ்சு தொங்குது. வேற சேல பாத்து எல்லாத்துக்கும் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள நீ கோழிய வாங்கியாந்துட்ட.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு முழத் துணிக்காக ஒரு வீடு இரண்டாகப் பார்த்ததே என்று இரண்டு பேர் மேலும் கோபம். ரிப்பன்களை அவிழ்த்து அடுப்பில் போட்டேன். “எல்லாத்துக்கும் ஒரே துணி வேணும், கெட்டித் துணியா இருக்கணும், செவப்பு ஆகாது” என்றார் அக்கா. அவர் பெட்டியில் இருந்ததெல்லாம் மாம்பழ நிறம், அரக்கு, குங்குமச் சிவப்பு; மாம்பழ நிறமோ செல்லத்தாய் வீட்டு மஞ்சளோடு குழம்பிவிடும். கல்லுக்கால்காரர்கள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் என் பெட்டியைத் திறந்தேன்.

அதில் ஒரு பாத்திக் சாரோங், பூ அச்சடித்த கைலி, இருந்தது. கிளம்புவதற்கு முன் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அம்மா ஒரே மாதிரி இரண்டு வாங்கினார், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. “நீ திரும்பி வரும்போது இதைக் கட்டிக்கிட்டு வா லா, நானும் என்னுதைக் கட்டிக்கிறேன், ரெண்டு பேரும் ஒண்ணா பசார் மாலாம் போவோம்” என்றார். துணியின் உடல் முழுக்கச் சிவப்புச் செம்பருத்தி. கெப்பாலா மட்டும் கருநீலம், வெள்ளைப் பொட்டு வைத்தது. சாரோங்கின் நடுவில் தனியாக வரும் அந்தப் பட்டையைத்தான் கெப்பாலா என்பார்கள். தலை என்று அர்த்தம். கட்டும்போது அது முன்பக்கம் வர வேண்டும் என்பது அம்மா சொல்லித்தந்தது. ஓடைப்பட்டியில் அதை ஒரே ஒரு நாள் கட்டினேன். “புருசன் கைலியக் கட்டிக்கிட்டு நிக்கிறா பாரு” என்று செல்லத்தாய் தெருவுக்கே கேட்கச் சொன்னதில், அன்றே மடித்து வைத்துவிட்டேன்.

கத்தரிக்கோலை எடுத்து, கெப்பாலாவின் இரண்டு பக்கமும் வெட்டினேன். அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

“புதுசு மாதிரி இருக்கே, எதுக்கு வெட்டுற?”

“நீலமா இருக்குக்கா.”

அவர் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கிழித்தார். ஒவ்வொரு கோழியாகப் பிடித்தோம். அவர் பிடிக்க, நான் பழைய துணியை அறுத்து, புதியதைக் கட்டினேன். கருப்பி என் கையைப் பலமாகக் கொத்தியது, அதற்கும் கட்டினேன். பழசு, புதுசு எல்லாவற்றுக்கும் ஒரே துணி. பிறகு அக்கா ஒரு காரியம் செய்தார். இந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கோழித் துணி மாறினால், வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோழி காணாமல் போனால் கேட்க முடியாது. என் வெள்ளைக் கோழிகளில் ஒன்றைத் தூக்கி இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். என்னையும் கூட வரச் சொன்னார். முதலில் எதிர்வீடு.

“செல்லத்தாயி, இனிமே எங்க வீட்டுக் கோழிக்கெல்லாம் இந்தத் துணிதேன். பாத்துக்க.”

செல்லத்தாய் கோழியின் காலைப் பிடித்து உற்றுப் பார்த்தார். ஆட்டுக்கொட்டில் பக்கம் சாய்ந்திருந்த வலையையும் ஒரு பார்வை பார்த்தார். “வல அடிக்கப் போறீகன்னு சொன்னாக? ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு துணியில்ல வரும்?”

“எந்த ரெண்டு வீடு?” என்றார் அக்கா.

“இது என்ன சேல, பொட்டுப் பொட்டா?”

“எந்தங்கச்சி சேல.”

அது சேலை இல்லை, சாரோங் என்று நான் சொல்லவில்லை. முனை வீடு வரைக்கும் பாண்டியம்மா அக்கா இதையே சொல்லிக்கொண்டு போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தேன், கண்ணைத் துடைப்பது தெரியக்கூடாதே என்று.

கல்லுக்கால்காரர்கள் வந்தபோது, ஆண்கள் இருவரும் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். முற்றத்தில் எல்லாக் கோழிகளும் கலந்து மேய்ந்தன. கருப்பி அவ்வப்போது ஒரு கொத்து கொத்தியது, என் கோழிகள் விலகின, மறுபடி மேய்ந்தன. அவ்வளவுதான். என் கணவர் கோழிகளின் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் துணி அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்கும்போது பக்கத்தில் நின்றவர்தானே. அண்ணன்தான் பேசினார், யாரையும் பார்க்காமல், வலையைப் பார்த்து.

“ஏலே, வாங்குன வல வீணாப் போக வேண்டாம். கீரப் பாத்தியச் சுத்தி அடிச்சா கோழி கெளறாது.”

என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு போய் வலையின் ஒரு முனையைப் பிடித்தார். அண்ணன் மறுமுனையைப் பிடித்தார். வாழையா திராட்சையா என்பது இன்னும் முடிவாகவில்லை; அதற்கு இன்னொரு சண்டை பாக்கி இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையை நேருக்கு நேர் போடுவார்கள், என் வழியாக இல்லை. அது போதும் எனக்கு.

அடுத்த வாரம் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அவருடைய சாரோங்கைக் கட்டியிருந்தார். நான் முற்றத்தில் இருந்தேன். போனைத் திருப்புவதற்குள் அடிபட்ட சின்னக் கோழி நொண்டிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டது.

“அந்தக் கோழிக் கால்ல என்னலா, நம்ம கெப்பாலா மாதிரி இருக்கு?”

போனை என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

“வெட்டிட்டியா?”

“ஆமாம்மா.”

அம்மா தன் இடுப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அவருடைய கெப்பாலா முன்பக்கம் சரியாக இருந்தது. “பரவால்ல லா” என்றார். “கோழி நல்லா இருக்கா?” சிக்னல் சரியில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டோம்.

மீதிச் சாரோங்கை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். முனைகள் சேரவில்லை, முன்னால் ஒரு முழம் இடைவெளி. பாண்டியம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டார். “இங்கன குடுத்தா, எஞ்சேல முந்தியில ஒரு துண்டு வச்சுத் தச்சுத் தாரேன். தெரியவே தெரியாது” என்றார். தெரியாமல் எப்படி இருக்கும்? மாம்பழ நிறத்தில் ஜரிகைக் கோடு போட்ட முந்தி அது. இன்னும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் பசார் மாலாமில் நான் அம்மாவின் பக்கத்தில் நடக்கும்போது, பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே துணி கட்டியிருப்பதாகத் தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு மட்டும் என் முன்பக்கத்தில் ஓடைப்பட்டி தெரியும்.